காளிராஜுக்கு நான் சொல்லித்தராத ஒன்று

சிவகாசியில் ஜிம் மாஸ்டராக இருந்த இத்தனை வருடத்தில், கெட்-அப் என்ற பயிற்சியை காளிராஜ் அளவுக்குச் சுத்தமாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. அவர் தோளைக் கெடுத்ததும் நான்தான். புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. ஷூ விழாத கை

கெட்டில்பெல் அப்போது எங்கள் ஊருக்குப் புதிது. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் மூடியிருந்த வாரங்களில் காளிராஜ் வந்து சேர்ந்தார். பட்டாசு கம்பெனி லோடுமேன். சீசன் முழுக்கப் பெட்டி தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். அதைச் சரிசெய்யத்தான் வந்தார்.

கெட்-அப் என்றால் மல்லாந்து படுத்து, ஒரு கையில் குண்டை நேர்மேலே பிடித்தபடி எழுந்து நிற்பது. முதலில் முஷ்டி மேல் ஷூவை வைத்துப் பழக்குவேன். கண் ஷூவை விட்டு அகலக் கூடாது, முழங்கை மடங்கக் கூடாது, மணிக்கட்டு சாயக் கூடாது. மற்றவர்களுக்கு ஷூ பத்துத் தடவை மூஞ்சியில் விழும். காளிராஜுக்கு ஒரு தடவைகூட விழவில்லை.

"குண்டு நளுவுச்சுன்னா என்ன மாஸ்டர் செய்ய?" என்று கேட்டார்.

"நளுவாம எந்திரிக்கத்தான்யா சொல்லித் தாரேன்" என்று சிரித்தேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

2. ஆண்டு விழா

காளிராஜ் அதுவரை பன்னிரண்டு கிலோதான் எடுத்திருந்தார். ஜிம் ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

"விழாவுக்குப் பெரிய ஆளுக வாராக மாஸ்டர். இந்தச் சின்னக் குண்டக் காட்டி என்ன பேரு வாங்கப் போறீக? இருபத்து நாலக் குடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேர் வாங்கும் ஆசை எனக்கும் இருந்தது.

விழாவன்று இருபத்து நாலு கிலோவோடு காளிராஜ் முழங்கைக்கு வந்தார், உள்ளங்கைக்கு வந்தார், இடுப்பைத் தூக்கினார். காலைப் பின்னால் இழுக்கும்போது குண்டு தலைக்குப் பின்பக்கம் சாய்ந்தது. அங்கே ஆளில்லை, வெறும் ரப்பர் மேட்தான். கையை விட்டிருந்தால் ஒரு சத்தத்தோடு முடிந்திருக்கும். "விடுய்யா, விடு" என்று கத்தினேன். அவர் விடவில்லை. பிடித்த பிடியில் தோள் கழன்றது. அப்போதும் மறுகையைக் கொடுத்து, குண்டைப் பைய இறக்கி வைத்துவிட்டுத்தான் சரிந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

"பதினேளு வயசுல லோடுக்குப் போனேன் மாஸ்டர். பெட்டியப் போடாத, இளுக்காத, போட்டா வெடிச்சு ரூமோட போயிருவோம்னுதான் மொத நாளு சொன்னாக. இந்தக் கைக்கு விடத் தெரியலயே."

3. வாசல் வேலை

எலும்பைப் பொருத்திவிட்டார்கள். கிழிந்த தசைநார் கூடவில்லை. லோடு வேலை போயிற்று. இப்போது வேறொரு கம்பெனி வாசலில், வேனில் வந்து இறங்குகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். ஓனர் ஒருநாளும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. விழா போட்டோவை மட்டும் ஜிம் சுவரில் மாட்டிவைத்தார்.

அதன்பிறகு நான் முதல் நாள் எழுந்திருக்கச் சொல்லித்தருவதில்லை. குண்டைத் தூக்கிக் கீழே போடச் சொல்வேன். பட்டாசு வேலைக்காரர்களுக்கு அதற்கே ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

போன பொங்கலுக்கு காளிராஜைப் பார்த்தேன்.

"இப்பல்லாம் குண்டக் கீள போடச் சொல்லிக் குடுக்கீகளாமே மாஸ்டர்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நான் அன்னைக்கு அதத்தான மாஸ்டர் கேட்டேன்" என்றார்.