மாமாவின் வண்டியும் எங்கள் தெரு வேகத்தடையும்

"நேரா ஏத்தவா, சாய்ச்சு ஏத்தவா? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

ஆம்புலன்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதைத் தள்ளித் திறந்து மாமா என்னிடம் கேட்டார். பின்னால் ஸ்ட்ரெச்சரில் அம்மா படுத்திருந்தாள். ஈரத் துணி வாளியோடு மொட்டை மாடிப் படியில் வழுக்கி, முதுகு படியில் மோத விழுந்திருந்தாள். "கால் எங்க இருக்குன்னே தெரியலடி" என்று ஒரு தடவை சொன்னாள். நர்ஸ் அக்கா அவள் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தார்.

"முதுகெலும்புல அடிபட்டிருக்குண்ணே. குலுங்கவே கூடாது. குலுங்கினா காலு போனாலும் போயிடும்" என்று அவர் மாமாவிடம் சொன்னது அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

வண்டிக்கு முன்னால் எங்கள் தெருவின் வேகத்தடை இருந்தது. நேராக ஏறினால் வண்டியின் அடிவயிறு அதில் இடிக்கும். சாய்த்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் வண்டி இரண்டு பக்கமும் ஆடும், படுத்திருப்பவரின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். காலி வண்டியை மாமா அப்படித்தான் சாய்த்து உள்ளே கொண்டுவந்திருந்தார். வெளியே போக வேறு வழி கிடையாது. தெருவின் மறுமுனையைக் குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் எங்கள் தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று முதலில் கேட்டவரே மாமாதான். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று புரிய வேண்டுமானால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். முன்பு மணல் லாரி ஓட்டினார். நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை அடிக்கிறோமோ அவ்வளவு காசு என்பதால் சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் டிரைவருக்கு நஷ்டம். ஒரு நாள் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "தூக்கம் வரல" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ். தெருவில் அவருக்கு 'சைரன்' என்றே பெயர். ஆனால் வேலையில் இல்லாதபோது அவ்வளவு மெதுவாக நடக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாப்பாடு மட்டும் வேகம். பாதித் தட்டில் போன் வந்துவிடும் என்ற பயம். ஒவ்வொரு நடை முடிந்ததும் வண்டியின் தரையை அவரே கழுவுவார். "என் வண்டி வராத தெருதான் நல்ல தெரு" என்று அடிக்கடி சொல்வார்.

எங்கள் தெருவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய சாலையின் சிக்னலைத் தவிர்க்க மணல் லாரிகள் எங்கள் தெருவில் புகுந்து அந்தப் பக்கம் போகும். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். ஒரு நாள் சைக்கிளில் வந்த எங்கள் தெருக் கொத்தனாரின் மகனை ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. பையனைத் தூக்கிக்கொண்டு போனது மாமாவின் வண்டிதான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மாவுக்கட்டு பிரித்தபோது ஒரு கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அன்று மாமா வண்டியை வெகுநேரம் கழுவினார். உள்ளே வந்து அம்மாவிடம், "அக்கா, இனிமே நம்ம தெருவுல நான் யாரையும் தூக்கக் கூடாது" என்றார்.

மறுநாளிலிருந்து போராட்டம் தொடங்கியது. பள்ளி விடுகிற நேரத்தில் மாமாவும் கொத்தனாரும் மருந்துக் கடைக்காரரும் சிவப்புத் துணியோடு தெருமுனையில் நிற்பார்கள். லாரி வந்தால் மாமா படியில் தொற்றி ஏறி, "அண்ணே, நானும் நடைக்கு ஓட்டினவன்தான். உங்க அவசரம் எனக்குத் தெரியும். இந்த ஒரு தெருவ விட்டுருங்க" என்பார். சிலர் கேட்டார்கள். சிலர், "இறங்குய்யா! நீ என்ன போலீஸா?" என்றார்கள். ஒருவன் மாமா படியில் நிற்கும்போதே வண்டியை எடுத்தான்.

நகராட்சிக்குக் கூட்டமாகப் போய் மனு கொடுத்தோம். எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுத்த பிறகுதான் வேகத்தடை போட முடியும் என்றார்கள். கணக்கெடுக்கிறவர்களும் வந்தார்கள். ஆனால் வந்தது விடுமுறை நாளில். அன்று தெருவில் போனது இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியும் இரண்டு நாய்களும்தான். வாகன நடமாட்டம் இல்லாத தெரு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கெஞ்சினது போதும். நாமளே போட்டுருவோம்" என்றார் கொத்தனார்.

மாமா யோசித்தார். பிறகு சரி என்றார். சாக்பீஸால் தரையில் கோடு கிழித்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், இரண்டு பக்கமும் நீளமாகச் சரிவு வேண்டும், மேலே வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பல வீடுகளிலிருந்து ஒவ்வொரு சட்டி சிமெண்ட் கலவை வந்து, மாமா சொன்ன அளவிலேயே வேலை முடிந்தது. அப்போதுதான் இஸ்திரிக்காரர் ஒரு சட்டி கலவையைச் சுமந்துகொண்டு வந்தார்.

"என்ன, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க? எங்க வீட்டுப் பங்கு எங்க?"

"அளவு வந்திருச்சுய்யா, போதும்."

"மத்தவங்க வீடெல்லாம் போட்டாங்க, நான் மட்டும் ஊருக்கு இளைச்சவனா?"

கொத்தனாரால் மறுக்க முடியவில்லை. இஸ்திரிக்காரர் போட்டதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கொண்டுவந்தார். மருந்துக் கடைக்காரர் ஒரு மூட்டை சிமெண்டே வாங்கி வைத்திருந்தார். அதைத் திருப்பி அனுப்புவது மரியாதையா? வந்ததெல்லாம் மேலே மேலே ஏறியது. பக்கத்துச் சரிவுக்கு யாருடைய சட்டியும் போகவில்லை. உச்சியில் விழுந்தால்தானே கண்ணுக்குத் தெரியும்! சாயங்காலம் மாமா திரும்பி வந்தபோது தெருவின் குறுக்கே ஓர் எருமை படுத்திருப்பது போல இருந்தது.

"என்ன அண்ணே இது?" என்றார் கொத்தனாரிடம்.

"எல்லாரும் ஆசையா கொண்டாந்தாங்கடா. யாரை வேணாங்கிறது?"

மறுநாளிலிருந்து ஒரு லாரி கூட வரவில்லை. கொத்தனார் மகன் தெருவின் நடுவில் சைக்கிள் ஓட்டினான். அதைப் பார்த்துப் பார்த்துக் கொத்தனாருக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் அதை உடைக்கச் சொல்வதற்கு யாருக்கு மனசு வரும்? மாமாவுக்கு வந்தது. பால்காரர் அதில் பைக்கோடு விழுந்து முழங்கை பெயர்ந்து, அவரையும் மாமாதான் தூக்கிப் போனார். திரும்பி வந்ததும் தெருவில் நின்று சொன்னார். "உச்சியக் கொத்தி எடுத்திடுவோம் அண்ணே. நம்ம கையால போட்டது நம்ம ஆளுங்களையே அடிக்குது."

"உன் வண்டி வேகமா போகணும். அதுக்கு எங்க பிள்ளைங்க சாகணுமா?" என்றார் கொத்தனார்.

மாமா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெருவே கொத்தனார் பக்கம் நின்றது. மாமா வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அவர் பாட்டுக்கு ஒரு வெள்ளை பெயிண்ட் டப்பாவை வாங்கிவந்து, தனியாகக் குந்தி உட்கார்ந்து வேகத்தடைக்குப் பட்டை அடித்தார். யாரும் கை கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பட்டைக்கு முன்னால்தான் அம்மாவோடு நின்றிருந்தோம்.

"மாமா, எனக்குத் தெரியல" என்றேன்.

மாமா என்ஜினை நிறுத்தினார். கையை விரித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, நேராகக் கொத்தனார் வீட்டு வாசலுக்குப் போனார். பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். கொத்தனார் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார்.

"என்ன, சைரன் போட்டு மிரட்ட வந்தியா?"

"அண்ணே, உள்ள அக்கா இருக்கு. முதுகுல அடி. இதுல வண்டிய ஏத்த முடியாது. தூக்கிக் கடக்கணும். எட்டுப் பேர் வேணும்."

அன்றைக்கே சொன்னேனே, கேட்டீர்களா என்று மாமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொத்தனார் வேகத்தடையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். "டேய்! எல்லாரும் வாங்கடா! இஸ்திரி, கடையப் போட்டுட்டு வாய்யா!"

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். ஒரு பக்கம் நாலு பேர், மறுபக்கம் நாலு பேர். நர்ஸ் அக்கா தலையை விடாமல் கூடவே நடந்தார். தலைப்பக்கத்தைப் பிடித்திருந்த கொத்தனார் பின்பக்கமாக நடந்தார்.

"மட்டம் போகக் கூடாது. மட்டத்தப் பாருங்க! கால் பக்கம் தூக்கு. போதும், போதும்!"

அம்மா கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நாலு பேர் தூக்குற நேரம் இன்னும் வரல போல. அதான் என் தம்பி எட்டுப் பேரக் கேட்டிருக்கான்" என்றாள், மெல்லிய குரலில்.

"சும்மா இரு தாயி, சிரிக்க வெச்சு கைய நழுவ விட்டுறாத" என்றார் இஸ்திரிக்காரர். அவர் அழுதுகொண்டிருந்தார்.

உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் கொத்தனாரின் குதிகால் சறுக்கியது. அந்தப் பக்கச் சரிவு செங்குத்தாக இருந்தது. அவருடைய முழங்கால் 'டக்'கென்று தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அவர் கை இறங்கவில்லை. மண்டியிட்டபடியே ஸ்ட்ரெச்சரை அதே உயரத்தில் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாமா ஓடிப்போய் ஒரு கை கொடுக்க, கொத்தனார் எழுந்தார். மாமா திரும்பி ஓடி, காலி வண்டியைச் சாய்த்து ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவை ஏற்றிக் கதவைச் சாத்தினோம்.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. மாமா உட்காரவே இல்லை. கடைசியில் டாக்டர் வந்து, எலும்பில் விரிசல், நரம்பு அறுபடவில்லை என்றார். "கால் விரலை அசைங்கம்மா" என்றபோது அம்மாவின் வலது கட்டைவிரல் துளி அசைந்தது. மாமா அப்போதுதான் சுவரில் சாய்ந்தார்.

சாயங்காலம் நானும் மாமாவும் திரும்பியபோது வேகத்தடையின் பக்கத்தில் கொத்தனார் கடப்பாரையோடு நின்றிருந்தார். முழங்காலில் கட்டு. ஆனால் ஓங்கவில்லை.

"உடைச்சிடலாம்டா. ஆனா உடைச்சா, அந்தப் பக்கக் குழிய மூடின மறுநாளே லாரி வரும். என் பையன் இந்த வழியாத்தான் போகணும்" என்றார். கேட்டபோது எனக்கு மறுபடி அந்தச் சின்ன ஜன்னலின் முன்னால் இருப்பது போல இருந்தது. இரண்டு பக்கமும் ஆபத்து.

"முழுசா உடைக்க வேணாம் அண்ணே. உச்சியக் கொத்தி எடுத்துட்டு சரிவ நீட்டுங்க" என்றார் மாமா.

"எங்க வீட்டுச் சட்டி எதுன்னு பாத்துக் கொத்துங்க" என்றார் பக்கத்தில் நின்றிருந்த இஸ்திரிக்காரர்.

"உன்னுதுதான் முதல்ல போகும். நீதானே ஆரம்பிச்சு வெச்ச!" என்றார் கொத்தனார்.

வேலை முடிந்து கலவை இறுகியதும் மாமா ஒரு வாளியில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி ஸ்ட்ரெச்சரின் மேல் வைத்தார். மெதுவாக ஓட்டிக் கடந்தார். பின்கதவைத் திறந்து பார்த்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்பவும் எடுத்து, லாரிக்காரர்களின் வேகத்தில் வந்தார். வாளியே கவிழ்ந்து கிடந்தது. "இதுதான் சரியான அளவு" என்றார் கொத்தனார். மாமா சிரித்தார்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து பொறியாளர் வந்தார். அத்தனை மனு கொடுத்தும் வராதவர், எங்கள் வேகத்தடை சட்டவிரோதம், அகற்ற வேண்டும் என்ற நோட்டீஸோடு வந்தார். மாமா சண்டை போடவில்லை. "சார், பள்ளி விடுற நேரம் வரைக்கும் இருந்து பாத்துட்டுக் குடுங்க" என்றார். அவர் இருந்தார். பிள்ளைகள் தெரு நடுவில் பயமில்லாமல் போவதையும், மாமா மறுபடி செய்து காட்டிய வாளித் தண்ணீரையும் பார்த்தார். நோட்டீஸைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால், "மேல எழுதிப் பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார். இன்றுவரை பதில் வரவில்லை. வாசலில் கனமான வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே, உடைக்க வந்துவிட்டார்களோ என்று கொத்தனார் வெளியே ஓடி வருகிறார். அம்மா இடுப்புப் பட்டையோடு மெதுவாக நடக்கிறாள். மாடிப்படி மட்டும் இன்னும் ஏறவில்லை.

எங்கள் தெருவைப் போலப் பல தெருக்கள் மனு கொடுத்து அலுத்துப்போய், சிமெண்ட் மூட்டையை வாங்கி வைத்திருக்கலாம். கலவையைக் குழைப்பதற்கு முன்னால் அவர்கள் காதுக்கு இது போய்ச் சேர வேண்டும். நகராட்சியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் காதுக்கும். படித்ததோடு விட்டுவிடாமல், தயவுசெய்து இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.