தும்பாங் குடிகள்

பெரும்பான்மையாக வாழ்வது எப்படி இருக்கும் என்று மூன்று வாரங்களுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. சுகமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மலேசியாவில், பாடாங் செராயில் ஒரு டியூசன் சென்டரின் மாடியில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு காலைகளில் கூடும். வட்டம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, மொத்தம் ஐந்து பேர். அதை நடத்துபவர் சுங்கைப் பட்டாணியில் வழக்கறிஞராக இருக்கும் அக்கா. ஒரு மதம் ஆளும் நாட்டில் மற்ற மதத்துக்காரனுக்கு என்ன சட்டம் என்று ஒரு வாரம் பேச்சு வந்தது. பத்தே நிமிடத்தில் நாற்காலிகள் பின்னால் நகர்ந்து, குரல்கள் மேலே போய்விட்டன.

அக்கா கையைத் தட்டினார். "நம்ம ஊரப் பேசினா நீங்க அடிச்சுக்குவீங்க. யாருமே இல்லாத ஊருக்குப் போவோம்."

அடுத்த வாரம் ஒரு நாட்டையே தயாரித்துக் கொண்டுவந்தார். கடுங்குளிர் தேசம். வைக்கிங்குகள் கும்பிட்ட பழைய சாமிகள்தான் அரசாங்க மதம். தலைமைச் சாமிக்கு ஒற்றைக் கண், கையில் ஈட்டி, ஏறுவதற்குக் குதிரை, காலடியில் இரண்டு ஓநாய்கள், குடிப்பதற்கு மது.

"அக்கா, இது நம்ம முனியாண்டி லா," என்றேன். சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஓநாயை நாய் என்று திருத்திவிட்டு, ஒரு சுருட்டும் கொடுத்தால் முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

சீட்டுக் குலுக்கினோம். எனக்கு விழுந்தது 'சட்டம் ஓதுபவர்'. அந்த நாட்டில் சட்டத்தை எழுதி வைக்க மாட்டார்களாம். ஒருவர் மனப்பாடம் செய்து சபையில் ஓத வேண்டும். ஓதியதை யாரும் மறுக்காவிட்டால் அது சட்டம். ஓதாமல் விட்டதை யாரும் கேட்காவிட்டால் அது செத்துப்போகும். மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் இரண்டை மறந்து, சொல்லாத ஒன்றை வாங்கி வருகிறவன் நான். என் மனைவி கேட்டிருந்தால் அந்த நாட்டுக்காக அழுதிருப்பாள்.

தமிழ்ப்பள்ளி டீச்சருக்கு அரசி வேடம். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பிக்கு ஆட்டு மந்தைகள் வைத்திருக்கும் பிரபு. கடைசிச் சீட்டு, 'பிற மதத்தார் தலைவர்', மாமாவுக்கு விழுந்தது.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். முப்பது வருட வழக்கம்.

"எந்த மதம்னு நீங்களே வச்சுக்கங்க," என்றார் அக்கா.

"எதுக்கு வேசம்? நான் நானாவே இருந்துட்டுப் போறேன்," என்றார் மாமா.

அக்கா தயாரித்த சட்டத்தில் பிற மதத்தாருக்கு மூன்று விதிகள் இருந்தன. தங்கள் வீட்டில் தங்கள் முறைப்படி கும்பிடலாம். அரசாங்கப் பலி விருந்துக்கு வரக் கட்டாயமில்லை. மலைக்கு அப்பால் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்துகொள்ளலாம்.

ஒரு வாரம் மனப்பாடம் செய்து, மூன்றையும் மறக்காமல் ஓதிவிட்டேன். அந்தப் பெருமையில் வாய் நிற்கவில்லை. மூன்றாவதின் வாலில் ஒன்றைச் சேர்த்தேன்: "ஆனா ஞாபகம் இருக்கட்டும், பாய். நீங்கல்லாம் இங்க தும்பாங்."

எங்களூரில் அடுத்தவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாலும் தும்பாங், சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் ஒட்டிக்கொண்டாலும் தும்பாங். மலாய்க்காரர் பேச்சிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சொல். சாதாரணச் சொல்தான். ஆனால் இந்த நாட்டிலேயே பிறந்தவனைப் பார்த்து ஒருவன் அதைச் சொன்னால், அது வேறு சொல்; ஒண்ட வந்தவன் என்று அர்த்தம். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு கவுண்டரில், வரிசையில் எல்லாரும் கேட்க.

தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார். மாமா தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பாய் என்று கூப்பிட்டிருக்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. "மறுப்பு இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. "சட்டமாச்சு," என்று எழுதிக்கொண்டார்.

"ஐயோ, அது ஜோக்குக்கா."

"சபையில ஜோக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது."

அடுத்த ஞாயிறு மாமாவுக்கு அக்கா ஒரு தாள் கொடுத்தார். அவருடைய கூட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டார், நிலம் பனியில் உறைவதற்குள் அடக்கம் செய்ய வேண்டும். மாமா பேச எழுந்தார்.

தம்பி கையைத் தூக்கினார். "அரசி அவர்களே, மலைக்கு அப்பால் என் ஆடு மேயுது. தும்பாங் வந்தவனுக்கு நிலம் ஏது? அடுத்த வீட்டுல தங்கறவன் வீட்டு விசயத்துல பேச முடியுமா? அவரு சபையில பேசவே கூடாது."

"விளையாட்டா பேசாதீங்க," என்றார் டீச்சர்.

"அவரு கேக்கறது நியாயமான கேள்வி," என்றார் அக்கா. "சட்டம் ஓதுபவர்தான் சொல்லணும்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. தோட்டத்து ஆபீஸ் தொடங்கி நில அலுவலகம் வரை, முடிவு சொல்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றே பழகியவன் நான். இப்போது என் வாயைப் பார்க்கிறார்கள். நாற்காலியில் சற்றுச் சாய்ந்தேன். குரல்கூட மாறிவிட்டது.

"சட்டம் அப்படித்தான் சொல்லுது, பாய். வண்டி எங்களது. நீங்க பின்னால பேசாம உக்காந்து வாங்க."

தம்பி சிரிக்க ஆரம்பித்து, மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்போ மய்யித்த எங்க வைக்கிறது?" என்றார் மாமா. அது விளையாட்டுக் குரல் இல்லை.

நான் சாய்விலிருந்து நிமிர்ந்தேன்.

"எங்க அத்தா மவுத்தானப்ப கோலா கெடாவுக்கு உன் வண்டியிலதான் வந்தேன். பின்னாலதான் உக்காந்திருந்தேன். பேசாமத்தான் வந்தேன். அதையும் சேர்த்துச் சொல்றியா?"

அது நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய கடைக் கார் பழுதாகிக் கிடந்த காலை. வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அடக்கம் முடிகிற வரை நான் கபரஸ்தான் வேலி ஓரம் நின்றிருந்தேன். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஒரு ஜோக் நன்றாக வந்து விழும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காத வியாதி எனக்கு, அவ்வளவுதான்.

புதன்கிழமை அவர் கடைக்குப் போனேன். வழக்கமாக உட்காரும் மேசைக்குத் தாமே வந்தார்.

"என்ன சாப்பிடுறீங்க?"

'றீங்க'. முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

"மாமா, நான் ஒரு கிறுக்கன். தெரியும்ல?"

"தெரியும். இந்த வார்த்தைய என்னப் பார்த்துச் சொன்னவன் உண்டு. உங்களப் பார்த்துச் சொன்னவனும் உண்டு. அப்பல்லாம் இதே மேசைல உக்காந்து ரெண்டு பேரும் அவனுங்கள நெனச்சுச் சிரிப்போம்." துணியால் மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசை அது. "இப்ப நான் யாரு கூட உக்காந்து சிரிக்கிறது?"

கறி நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்த வரிய எடுத்துடலாமாக்கா?"

"ஞாயித்துக்கிழமை திரும்ப ஓதுறப்ப அத ஓதாம விடுங்க. யாரும் மறுக்கலன்னா செத்துரும். மறுத்தா நிக்கும்."

"தம்பி மறுப்பாரே. ஆட்டு மேய்ச்சல் போயிருமே."

"அப்போ இன்னொரு வழிதான். அது பழைய சட்டத்துல இல்ல, நீங்களா சேர்த்ததுன்னு சபையில ஒத்துக்கணும். சட்டத்துல சொந்தச் சரக்கச் சேர்த்தவனுக்கு ஊர்விலக்கு. பதவி போயிரும். சபைக்குள்ள காலு வைக்க முடியாது."

வெறும் விளையாட்டு, என்ன போய்விடப் போகிறது என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாட்டும்போது, ஒத்துக்கொள்ளாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்றுதான் மனம் தேடியது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கிடைத்த நாற்காலி. விட மனமில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கூச்சமாக இல்லை.

மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். வழக்கமான இடத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு.

முதலில் மலிவான வழியைத்தான் முயன்றேன். மூன்று விதிகளையும் வேகமாக ஓதிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமானவன் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். மாமா தலை நிமிரவில்லை. சட்டப்படி அவர் பேசவும் முடியாது.

"மறுப்பு இருக்கா?" அக்காவின் முதல் கேள்வி. தம்பி தம் தாளைப் புரட்டினார். "மறுப்பு இருக்கா?" இரண்டாவது.

"இருக்கு லா," என்றார் தம்பி. "தும்பாங் வரியக் காணோம். அண்ணே மறந்துட்டாரு போல."

அவர்மேல் தப்பில்லை. தம் ஆடுகளை அவர் காப்பாற்றுகிறார். அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததே நான்தான்.

எழுந்தேன். முட்டி மேசையில் இடித்தது. "மறக்கல. அந்த வரி சட்டத்துலயே இல்ல. நான் சிரிக்க வைக்கணும்னு சேர்த்தது. என் சொந்தச் சரக்கு."

"யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார் அக்கா.

"இல்ல. யோசிச்சா சொல்ல மாட்டேன்."

டீச்சர் மட்டும் லேசாகச் சிரித்தார். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வரி செத்தது. நான் வெளியே அனுப்பப்பட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் காலணிகளின் குவியல். அந்த நாட்டில் ஊர்விலக்கானவன் காட்டுக்குத்தான் போக வேண்டுமாம்; அதுதான் என் காடு. கதவு சரியாக மூடாததால் பேச்சு கேட்டது. புதிய சட்டம் ஓதுபவர் வேண்டும் என்றார் அக்கா. இப்போது யாரும் தும்பாங் இல்லை, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். டீச்சர் மாமாவின் பெயரைச் சொன்னார். சற்று நேரம் கழித்து, தம்பியும் கை தூக்கினார்.

மாமா எழுந்து நின்று தாளை வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடக்க நிலத்துக்கான விதியை ஓதினார். அடுத்தது ஊர்விலக்கானவனைப் பற்றிய சட்டம். அவனுக்குச் சபையில் குரல் கிடையாது. அவனுக்குச் சோறு போடுகிறவனும் குற்றவாளி. அவனை அடித்தால் அபராதம் கிடையாது.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஓதினார். நான் காத்திருந்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் குறைந்தது நாலு வரி சேர்த்திருப்பேன். அத்தனை நல்ல இடம். எப்பேர்ப்பட்ட வசவாக இருந்தாலும் சந்தோசமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. ஓதி முடித்து உட்கார்ந்துவிட்டார்.