விஜயகுமாரி துடைத்த சுவர்

என் அக்கா விஜயகுமாரி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஏழு வருடம் தோலைத் தரம் பிரித்தவள். தோல் மேல் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. மறைந்திருந்த கீறலும் உண்ணிக்கடியும் எழுந்துவிடும். என் மூஞ்சியையும் அப்படித் துடைத்துப் பார்த்து, "மூணாம் தரம்" என்பாள். பத்தாவதைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே ஜாஸ்தி.

கெமிக்கலில் அவள் விரல்கள் வெடித்தன. இனிமேல் தோலைத் தொடவே கூடாது என்றார் வேலூர் டாக்டர். அப்புறம் அமைந்ததுதான் மலையடிவாரத்துப் பழைய சுரங்கத்தில் இந்த வேலை. எந்தச் சுவர் தாங்கும், எது சரியும் என்று பார்க்க, அங்கே இருட்டில் பாறைமேல் லேசர் வெளிச்சம் அடித்துப் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு கனிமமும் வெளிச்சத்தை ஒவ்வொரு மாதிரி திருப்பி அனுப்புமாம். அதைவைத்துக் கம்ப்யூட்டர் சுவருக்கு வண்ணம் தீட்டும். படத்துக்கு முன் பிரஷ்ஷால் தூசி தட்டுவது அக்கா; தண்ணீர் மட்டும் படவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். முன்பு இருந்த ஆளை ஒரே தப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தாறாம் நாள் தூசி பிரஷ்ஷுக்கு மசியவில்லை. ஏழு வருடப் பழக்கம், கை தானாகத் துணியை நனைத்தது.

படத்தில் சுவர் முழுக்க நீலம்.

"எல்லாம் களிமண்ணு!" என்றார் இன்ஜினியர் யாசிர். "இந்தச் செவுரு நிக்கிறதே பெருசு. சுரங்கத்த மூடச் சொல்லி ஆபீசுக்கு எழுதிட வேண்டியதுதான்."

அக்கா துணியை இடுப்பில் செருகினாள். ஈரம் புடவையில் பரவியது. சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அங்கிருக்கும் பன்னிரண்டு பேர் வேலையும் போகும்.

"சார்... செவுத்த நான் தொடச்சிட்டேன். ஈரத்துணில."

"இன்னாது?"

"தோல் ஷாப்புல அப்டித்தான் சார் பார்ப்போம்."

யாசிர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தண்ணி பட்டா கேமராவுக்கு எல்லாமே களிமண்ணா தெரியும்மா! ஃபேனப் போடுங்க, காயட்டும்."

இரண்டு மணி நேரம். அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு அடுத்து யாரிடம் வேலை கேட்பது என்று ஊர் ஊராக யோசித்தாள். மனசுக்குள்ளேயே மேல்விஷாரம்வரை போய்விட்டாள்.

மறுபடி படம். நீலம் போயிருந்தது, உள்ளங்கை அகலக் கோடு ஒன்றைத் தவிர. அது நிஜக் களிமண். அக்கா நின்று துடைத்த இடத்துக்கு நேர் மேலே.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க," என்றார் யாசிர், குரல் மாறி. அங்கே மட்டும் முட்டுக் கொடுத்தால் போதுமாம், மூட வேண்டாம்.

"நாளைக்கு வரட்டுமா சார்?"

"வாங்க. துணி வீட்லயே இருக்கட்டும்."

இன்னும் நாலு நாள். அவள் கை அவள் பேச்சைக் கேட்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் காலையில் அவள் பையிலிருந்த துணியெல்லாம் திருடிவிட்டேன், சாப்பாட்டு டப்பாவைச் சுற்றியதையும் சேர்த்து.

"டேய் கழுத, உன் வெளாட்டுக்கு ஒரு அளவில்ல?" என்று முதுகில் ரெண்டு வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.