சாஞ்ச தேர் எழிலன்

வியாசர்பாடிக்கு வந்து எழிலன் வீடு எது என்று கேளுங்கள். "யாரு, சாஞ்ச தேரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல வரும். ஒரு மனுஷன் வாலிப வயதிலிருந்து உழைத்துச் சேர்த்த பெயரெல்லாம் போய், விழுந்த ஒரே ஒரு நாள் மட்டும் அவன் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் இந்த ஊர் வாயை என்ன சொல்வது!

எழிலனின் தொழில் சாவுக்குத் தேர் கட்டுவது. நாலு சக்கரத் தள்ளுவண்டியின் மேல் இரும்புக் குழாய்களை நிறுத்தி, மூங்கிலை வளைத்துக் கோபுரமாகக் கட்டி, உச்சியிலிருந்து அடிவரை சாமந்தியும் ரோஜாவும் சுற்றினால் அதுதான் தேர். இறந்தவரை அதில் வைத்து மூலக்கொத்தளம் சுடுகாடுவரை தள்ளிக்கொண்டு போவார்கள். முன்னால் மோளமும் வெடியும், முன்னும் பின்னும் ஆட்டமும் போகும். உயிரோடு இருந்தபோது ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனவனும் அன்றைக்கு ஒரு நாள் ராஜா. அந்த ராஜ மரியாதைக்கு எழிலன் பொறுப்பு. அவன் மனைவி குணசுந்தரி பூச்சரம் கட்டுவாள், அவன் மூங்கில் கட்டுவான். வாடகை வண்டியில் தொடங்கி, சொந்த வண்டி வாங்கி, ராயபுரத்திலிருந்து புளியந்தோப்புவரை யார் வீட்டில் அழுகுரல் கேட்டாலும் முதல் போன் அவனுக்குத்தான் என்கிற அளவுக்கு வந்துவிட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்தவனுக்கு இல்லாத திமிர் வேறு யாருக்கு?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்மண்டபத்தில் பூவம்மா இறந்துபோனாள். தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்ற கிழவி. அவளிடம் மீன் வாங்காத வீடு கிடையாது, அதனால் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். எழிலன் வண்டியின் முன்பக்கம் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போனான். பின்னால் ஆடுகிறவர்களை அவனால் பார்க்க முடியாது. பழைய ஜெயில் ரோட்டுக்குத் திரும்பும் முனையில் படீரென்று ஒரு சத்தம். அவன் திரும்புவதற்குள் கோபுரம் இடது பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. பூவம்மா சரிந்தாள். நாலைந்து பேர் பாய்ந்து பிடித்தும் அவளுடைய கால் தார் ரோட்டில் பட்டுவிட்டது.

அடித்தார்கள். சட்டையைக் கிழித்தார்கள், காறித் துப்பினார்கள். எல்லாவற்றையும் அவன் கையெடுத்துக் கும்பிட்டபடியே வாங்கிக்கொண்டான். ஏனென்றால் ரோட்டில் விழுந்து கிடந்த கயிறு அவன் கண்ணில் பட்டிருந்தது. தன் கட்டுதான் விட்டுப்போச்சு, தன் கைதான் பிசகிவிட்டது என்று அவனே நம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. அது போதாது என்று தெருமுனை டீக்கடை கோதண்டம் அவனுக்கு ஒரு பெயர் வேறு வைத்தார். "இன்னாப்பா சாஞ்ச தேரு, டீ போடட்டா? கிளாஸயாவது நேரா புடிப்பியா, அதையும் சாச்சிடுவியா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பார். கடையே சிரிக்கும். எழிலனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பான். கொஞ்ச நாளில் அந்த முனைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். பஸ் ஸ்டாப்புக்குப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்கினான். தேர்வண்டி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக்கொண்டு நின்றது.

நடுவில் வெளியூர்க்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் தேர் கேட்டு வந்தார். எழிலன் முடியாது என்று அனுப்பிவிட்டான். பயம். கயிற்றைத் தொட்டாலே கை நடுங்கியது. துணி காயப்போடக் கொடி கட்டச் சொன்னால்கூட, கட்டிய முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பான். "ஜட்டி காயப்போட எதுக்குயா இத்தினி முடிச்சு?" என்று குணசுந்தரி கத்துவாள். கத்திவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்துவாள்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு நாள் காலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கோதண்டம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவின் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருடைய ஒரே மகள் ஷாலு, கலைந்த தலையோடு எழிலன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நைனா போய்ட்டாரு. தேரு நீதான் கட்டணும்."

எழிலனுக்குச் சிரிப்புதான் வந்தது. "நானா? உங்க நைனா எனக்கு இன்னா பேரு வச்சாருன்னு தெரியுமில்ல? அந்தாளு என் தேருல போவணுமா? வேற ஆளப் பாரும்மா."

"அன்னிக்கி உன் கட்டு அவுறலண்ணா."

"இன்னா சொன்ன?"

"எங்க அத்தை பையன் உதயாவும் அவன் தோஸ்தும் குடிச்சிட்டு தேரு மேல ஏறி, ஒரே பக்கமா தொங்கிகினு ஆடுனானுங்க. வெயிட்டு தாங்காமதான் கயிறு அறுந்துச்சு. உடனே குதிச்சி கூட்டத்துல பூந்துட்டானுங்க. ஆட்டத்துல வேற யாரும் கவனிக்கல, நைனா பின்னாலயே வந்துகினு இருந்தாரு. கண்ணால பாத்தாரு. வூட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட அப்பவே சொன்னாரு."

எழிலன் மெதுவாகக் கேட்டான்: "வூட்ல சொன்னாரு. டீக்கடையில சொன்னாரா?"

ஷாலு தலை குனிந்தாள். "உதயா பேரு வெளிய வந்தா அவன அடிச்சே கொன்னுடுவாங்கன்னு…"

பாருங்கள் அநியாயத்தை! தங்கச்சி மகன் முதுகைக் காப்பாற்ற அடுத்தவன் முதுகு. சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். பேச்சு உதயா பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று, இவனுக்குப் பெயர் வைத்து, தினம் தினம் கூப்பிட்டு, ஊரையே இவன் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார் அந்தப் பெரிய மனுஷன்.

"ரெண்டு வருசம்!" எழிலன் கத்திய கத்தலில் பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. "ரெண்டு வருசமா என் கைய நானே பாத்துப் பாத்து காறித் துப்பிகினு கீறேன்! இப்ப உங்க நைனா பண்ண பாவத்துக்கு என் தேரு கேக்குதா? போம்மா! எதுனா வாயில வந்துடப்போவுது, போ!"

குணசுந்தரி வெளியே வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நீயும் தெரிஞ்சிகினுதானடி இருந்த? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? என் வூட்டு அடுப்பு அணைஞ்சி கெடந்தப்ப உனுக்கு சோறு எப்டிடி எறங்குச்சு?"

ஷாலு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திட்டுக்கா. நல்லா திட்டு. வேற தேருக்காரங்க கீறாங்கதான். ஆனா நீ கட்டலன்னா அந்தப் பேரு உன் தலையிலயே நின்னுடும்ணா. வச்சவரு அத எடுக்காமயே போய்ட்டாரு."

எழிலன் அவளுக்குப் பதில் சொல்லாமல் சந்துக்குப் போனான். தார்ப்பாயை இழுத்து எறிந்தான். வண்டியைப் பார்த்தபடி நின்றான். பின்னாலேயே வந்த குணசுந்தரி, "இன்னாயா நிக்கிற? அதான் தெரிஞ்சிபோச்சில்ல, உன் கை மேல தப்பு இல்லன்னு?" என்றாள்.

"தெரிஞ்சும் நடுங்குதுடி. பாரு." கையை நீட்டிக் காட்டினான். "இன்னொரு வாட்டி சாஞ்சா நான் செத்துடுவேன்."

"இப்ப மட்டும் இன்னா உசுரோடயா கீற? மூட்டை தூக்கினு பின்சந்துல ஒளிஞ்சி ஒளிஞ்சி போறியே, அதுக்கு பேரு பொழப்பா? நடுங்கினா நடுங்கட்டும், நடுங்கிகினே கட்டு. நான் பூவுக்குப் போறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எழிலன் வாசலுக்குத் திரும்பி வந்து ஷாலுவிடம் சொன்னான்: "கட்றேன். ஆனா ஒருத்தன் தேரு மேல கால் வைக்கக் கூடாது. வச்சா நட்டநடு ரோட்டுல வண்டிய நிறுத்திடுவேன். உங்க நைனா வெயில்ல கெடந்தாலும் சரி. சம்மதமா?"

"சம்மதம்ணா."

துருவைத் தேய்த்தான். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். புதுக் கயிறு வாங்கி வந்து மூங்கிலை வளைத்துக் கட்டினான். ஒவ்வொரு கட்டையும் முடித்த பிறகு கை தானாகத் திரும்ப அங்கேயே போகும். இழுத்துப் பார்க்கும். இரண்டு முறை கட்டியதை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் உட்கார்ந்ததும் டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. உடனே உச்சிமண்டைக்கு ஏறியது சூடு. எழுந்து போய்த் திரும்பக் கட்டினான். கோபம் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தத் தேர் எழுந்தே இருக்காது. குணசுந்தரி வாயே திறக்காமல் சரம் சரமாகச் சுற்றினாள்.

மத்தியானத்துக்கு மேல் கோதண்டத்தைத் தேரில் ஏற்றினார்கள். கொள்ளிச்சட்டியோடு அவருடைய தம்பி முன்னால் நடந்தார். மோளம் அதிர்ந்தது. கூட்டத்தில், "அய்ய, சாஞ்ச தேருகிட்டயா குட்த்தாங்க?" என்று ஒருவன் கேட்டது எழிலன் காதில் விழுந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இந்த முறை கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தான்.

டீக்கடை முனை வந்தது. பெண்கள் அதுவரைதான் வருவார்கள், அதற்குமேல் சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும். அங்கே ஆட்டம் சூடுபிடித்தது. எழிலன் திரும்பிப் பார்த்தபோது, கண்கள் சிவந்து, கழுத்தில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, உதயா சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து மூங்கிலைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். கோபுரம் ஆடியது. பூ உதிர்ந்தது.

சாவு வீட்டுக்காரர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது தேர்க்காரனுடைய தொழில் சட்டம். அழுகிறவன் அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டுதான் பழைய ஜெயில் ரோட்டில் அத்தனை அடியையும் வாங்கினான்.

பிளாட்பாரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். வண்டி நின்றது.

"எறங்குடா!"

மோளம் தடுமாறி நின்றது.

"இன்னாப்பா இது?" கொள்ளிச்சட்டிக்காரர் பதறினார். "நடுவழியில பொணம் நிக்கக் கூடாதுப்பா. தள்ளு, தள்ளு!"

"நிக்கக் கூடாது, விழலாமா? பூவம்மா ஆயா கால் ரோட்டுல பட்டுச்சே, அப்ப எங்க போச்சு உங்க சாஸ்திரம்? எவன் ஏறுனான்னு ஒருத்தன் கேட்டீங்களா? என் சட்டைய கிழிக்க மட்டும் அத்தினி கை வந்துச்சே!" எழிலன் உதயாவைச் சுட்டிக் காட்டினான். "இதோ நிக்கிறான் பாருங்க. அன்னிக்கு ஏறுனவன் இவன்தான்!"

உதயா குதித்து வந்து அவன் காலரைப் பிடித்தான். "யாரப் பாத்து இன்னா சொல்ற? உன் கட்டு அவுந்ததுக்கு நான் இன்னாடா பண்ணுவேன்?"

எழிலன் அவன் கையைத் தட்டிவிடவில்லை. பெண்கள் கூட்டத்தைப் பார்த்தான். "ஷாலு! வூட்ல சொன்னத இங்க சொல்லு. உங்க நைனா கடை வாசல்லயே சொல்லு."

ஷாலுவின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டு முன்னால் வந்தாள். "இவன்தான் ஏறுனான். நைனா கண்ணால பாத்தாரு. தங்கச்சி புள்ளன்னு மறைச்சாரு. எழிலண்ணன் கட்டு அவுறல. எங்க நைனாதான் பொய் சொன்னாரு." சொல்லிவிட்டு முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காலரைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள். ஒருவனும் எழிலன் முகத்தைப் பார்க்கவில்லை. கொள்ளிச்சட்டிக்காரர்தான் கடைசியில், "உதயா, நீ வூட்டுக்குப் போ. சுடுகாட்டுக்கு வராத" என்றார். உதயா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்விட்டான்.

எழிலன் கல்லை எடுத்தான். தேர் நகர்ந்தது.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தான். சுடுகாட்டு வாசலில் ஒரு மேடு உண்டு. அங்கே வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டபோது கண்ணையே மூடிவிட்டான். திறந்தபோது கோபுரம் நேராகத்தான் நின்றது.

கோதண்டத்தை இறக்கும்போது எழிலன் அவர் காதருகே குனிந்து, "வந்து சேந்துட்டண்ணே. சாயல, பாத்துக்க" என்றான். அவருக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அப்போதும் அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து இளித்தார். பழைய ஜெயில் ரோட்டில் அவன் சட்டையைக் கிழித்தவர்களில் ஒருவர். "ஷோக்கா கட்டியிருந்தப்பா. எங்க வூட்லயும் பெருசு ஒண்ணு இழுத்துகினு கீது. எதுக்கும் உன் நம்பர குடேன்."

எழிலன் வண்டியை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்த்தான்.

"உன் போன்லயே கீது, தேடிப் பாரு. அதே நம்பர்தான். எவனாவது கூப்டுவான்னு ரெண்டு வருசமா மாத்தாம வச்சிகினு கீறேன்."