ஒரே வீச்சுக்காரர்

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்புக்குக் காலையில் ஒரு கீரைக்காரர் வருவார். முண்டா பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, காதில் ஒரு பீடி. படி ஏற மாட்டார். கயிற்றில் கூடை இறக்கினாலும் சீண்ட மாட்டார். கீரைக்கட்டைக் கீழிருந்தே மேலே வீசுவார்.

நான் அப்போது இரண்டாம் மாடியில் இருந்தேன். என் பால்கனியைக் கட்டு விர்ரென்று கடக்கும். கை நீட்டினால் நாலு இலைதான் மிஞ்சும். மூன்றாம் மாடி அக்கா முன்னால் போய் ஒரு கணம் அசையாமல் நிற்கும். அவர் பூப்பறிப்பதுபோல எடுத்துக்கொள்வார்.

"அது என் கீரை, அக்கா" என்றால், "அதுவா வந்து கையாண்ட நிக்குது. எடுக்காம இன்னா பண்றது?" என்பார்.

நான் கணக்கு வாத்தியார். ஒருநாள் கீழே போய்ச் சுவரில் கரியால் ஒரு வளைவு வரைந்து கீரைக்காரரிடம் விளக்கினேன். "இது இருபடிச் சார்புங்க. ஏறும், உச்சியில நிக்கும், எறங்கும். வேகத்தக் கொறைச்சா உச்சி என் மாடிக்கு வந்துடும்."

தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிகீற சார். ஆனா என் கைக்கு ஒரே வீச்சுதான். நீ ஒரு மாடி மேல பூடேன்."

அக்கா மணலிக்குக் குடிபோனதும் நான் மேலே அந்த வீட்டுக்கு மாறிவிட்டேன். இப்போது இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்தவர் தினமும் என்னைத் திட்டுகிறார். கீரைக்காரர் என் கணக்கை மெச்சுவதுபோல அண்ணாந்து தலையாட்டுகிறார். நான் என்ன செய்ய? அதுவாக வந்து கையருகே நிற்கிறது.