கத்தாமல் பேச ஒரு கூரை

எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச இடம் கிடையாது. தாராவியில் ஒரே அறை, அதற்கு மேலே பலகை அடித்த ஒரு மாடி. மாடியில் தம்பியும் அவன் மனைவியும். கீழே அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும். நடுவில் ஒரு துணித் திரை. திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. அதனால் வீட்டுக்குள் பேசுவதெல்லாம் பொதுப் பேச்சு. தண்ணீர் வந்ததா, காஸ் தீர்ந்ததா, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நாங்கள் ஜீப்பில்தான் பேசினோம்.

ஜீப் ஆடம்பரத்துக்கு வாங்கியது இல்லை. கட்டட வேலை நடக்கிற இடங்களில் ஜெனரேட்டரும் தண்ணீர் பம்பும் பழுது பார்ப்பது என் தொழில். பன்வேல், கர்ஜத் பக்கம் மழைக்காலத்தில் சேற்றுக்குள் சாதாரண வண்டி இறங்கினால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். ரெக்சின் கூரை. பக்கத்தில் கண்ணாடிக்குப் பதில் ஜிப் வைத்த பிளாஸ்டிக். காலையில் மனைவியைச் செம்பூரில் அவள் பில் போடுகிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். சாயங்காலம் முடிந்தால் கூட்டி வருவேன். போகவர அந்த நேரம்தான் எங்கள் குடும்ப நேரம். அதையும் கத்திக்கொண்டேதான் கழித்தோம். சயான் மேம்பாலத்தில் ஏறிக் கொஞ்சம் வேகம் எடுத்தால் ரெக்சின் படபடவென்று அடிக்கும். "வெங்காயம் வாங்கணும்" என்று அவள் சொல்வதுகூடச் சண்டை போடுகிற மாதிரிதான் கேட்கும்.

குழந்தைக்காக மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்றில் ஊசி, ஸ்கேன், மாத்திரை, மறுபடியும் ஊசி. இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், அவள் என்னவோ சொன்னாள்.

"என்னது? கேக்கலட்டி" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல."

சிக்னலில் நின்றதும் மறுபடி கேட்டேன். பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவள் நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இங்கேருங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அத கத்திச் சொல்ல முடியாது. இந்தச் சத்தத்த எப்ப நிப்பாட்டுதியளோ அப்பச் சொல்லுதேன்."

வண்டியை ஓரமாக நிறுத்துகிறேன், சொல் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்தவுடன் கடலைக்காரன் வந்தான். அவனை விரட்டினேன். பக்கத்து பெஞ்சில் ஒரு கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "போலாம், மாவு ஆட்டணும்" என்று எழுந்துவிட்டாள்.

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே ஒரு கணக்கு இருந்தது. காட்கோபரில் அவள் அண்ணன் இருக்கிறான். கொஞ்ச நாளாக லீவு கிடைத்தால் அங்கே போய்விடுகிறாள். மாற்றுத்துணி ஒரு பையில் அங்கேயே கிடக்கிறது. வீட்டிலோ அம்மா வாயைத் திறந்தால் இந்தப் பேச்சுத்தான். ஊரில் யாருக்கோ கல்யாணமாகிப் பத்தாவது மாதம் பிள்ளை. யாரோ ஒருத்தன் இரண்டாவது கட்டினான், உடனே பிள்ளை. இதையெல்லாம் அவளிடம் சொல்ல மாட்டாள். சுவரிடம் சொல்வாள். சுவருக்கு முன்னால் என் மனைவி நிற்பாள். இதைக் கேட்டுக்கொண்டு எவள் இருப்பாள்? என்னை விட்டுப் போகப்போகிறாள், அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். இருந்தாலும் அதை அவள் வாயால் கேட்காமல் நாளைக் கடத்த என்னால் முடியவில்லை. கூரையை மாற்றிவிடுவது என்று கிளம்பினேன்.

குர்லாவில் உதிரிபாகக் கடை ஒன்றில் என் ஜீப்புக்கான ஃபைபர் கூரை இருந்தது. ரெடிமேட். பின்னால் தூக்கித் திறக்கிற கண்ணாடி, பக்கத்தில் நகர்த்துகிற கண்ணாடி. மாட்டிய பிறகு உள்ளே சத்தமே இருக்காது, பெரிய கார் மாதிரி இருக்கும் என்று கடைக்காரன் இந்தியில் அடித்துச் சொன்னான். அடித்துச் சொல்கிறவன் எவனும் அந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாங்கினேன்.

சுனாபட்டியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்துக்காரர், திருநெல்வேலி. அவர் கொட்டகையில் ரெக்சினைக் கழற்றி, அதைத் தாங்கிய வளைவுக் கம்பிகளையும் எடுத்தோம். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக் கூரையைத் தூக்கி வைத்தோம். முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கம் போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி நின்றன.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "ஒங்க கூரை நேராத்தான் இருக்கு அண்ணாச்சி. வண்டிதான் கோணல். பின்னால எப்பவோ நல்லா இடி வாங்கியிருக்கு."

"அப்ப கூரைய வளைக்கணுமா?"

"ஃபைபர வளச்சா அப்பளம் மாதிரி ஒடையும். புது ஓட்டை போடுவோம். பேசாம இருங்க."

புது ஓட்டை போட்டு, கூரைக்கும் வண்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து இறுக்கினார். அன்று சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தேன். படபடப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு உறுமல் வந்து உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் சத்தம், சேற்று டயர் சத்தம் எல்லாம் மேலே போய்க் கூரையில் மோதி எங்கள் மண்டையில் இறங்கின. மேளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"முன்னால காத்து கத்துச்சி. இப்ப வண்டியே கத்துது" என்றாள் அவள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அசரவில்லை. "முன்ன எல்லாச் சத்தமும் வெளிய போயிட்டு இருந்துச்சி. நீங்க கதவ அடச்சி உள்ள வச்சிட்டியல்லா. இப்ப அது உள்ளயே குடித்தனம் பண்ணுது. கூரை வெறும் ஓடு அண்ணாச்சி, அதிருது. உள்பக்கம் ஷீட்டு ஒட்டணும். காருக்குன்னே தனி ஷீட்டு இருக்கு."

"ஒனக்கு அதுல எவ்வளவு கமிஷன்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தாராவியில் வளர்ந்தவனுக்குக் கூரை ஷீட்டைப் பற்றி வேறொருவன் சொல்லித்தர வேண்டுமா? இதுதான் என் நினைப்பு. எங்கள் பகுதியில் மழைக்கு முன்னால் தார்ஷீட் ஒட்டாத கூரை கிடையாது. தகரத்தின்மேல் மழை விழுந்தால் காது கிழியும். அதே தகரத்தில் தார்ஷீட் ஒட்டிவிட்டால் சத்தம் பாதியாகிவிடும். வருஷா வருஷம் நானே ஏறி ஒட்டியிருக்கிறேன். வீட்டுக் கூரைக்கு ஆகிறது ஜீப் கூரைக்கு ஆகாதா? மிச்சம் கிடந்த சுருளை எடுத்து, வெட்டி, பசை தடவி, கூரையின் உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தேன். முன்பு டங்கென்றது இப்போது தொப்பென்றது. மெக்கானிக்கை மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

வீட்டில் தார்ஷீட் கூரைக்கு வெளியே இருக்கும். நான் உள்ளே ஒட்டியிருந்தேன். வித்தியாசம் அதுதான். அந்த வித்தியாசம் என் மண்டைக்கு ஏறவில்லை.

மே மாத வெயிலில் வண்டி நாளெல்லாம் சைட்டில் நின்றது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது புது ரோடு போடுகிற இடத்தில் தலையை நுழைத்த மாதிரி நாற்றம். ஜன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும் என்று செம்பூருக்கு ஓட்டினேன். சத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தது. அவளும் கவனித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். இதோ சொல்லப்போகிறாள் என்று வேகத்தைக் குறைத்தேன். அப்போது ஒரு ஷீட் பிய்ந்து தொங்கி அவள் தலையில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. "எடுங்க" என்று மட்டும் சொன்னாள். எடுத்தேன். ஷீட் வந்தது, தார் வரவில்லை.

வீட்டில் தேங்காயெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து முக்கால்வாசி எடுத்தோம். உச்சிப் பக்கம் ஒரு கற்றையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. அம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியும் போச்சா? இனி என்ன பாக்கி?" என்றாள் சுவரிடம்.

நான் அம்மாவைக் கண்டபடி கத்தினேன். தார்ஷீட்டைப் பற்றி, வெயிலைப் பற்றி, வண்டியைப் பற்றிக் கத்தினேன். அம்மா சொன்னது அதைப் பற்றி இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாடியில் டிவி சத்தம் குறைந்தது, கேட்பதற்காகத்தான். என் மனைவி கீழே விழுந்த முடியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

மெக்கானிக் கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். அவர் கூரையைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, "அடுப்பு மேலயும் ஒட்டிப் பாத்தியளா?" என்று கேட்டார். மண்ணெண்ணெயும் பட்டி போடுகிற தகடும் எடுத்துக்கொண்டு நானே சுரண்டினேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்ன ஷீட்டையே வாங்கினேன். ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் ஒட்டுகிற ரப்பர், வெயிலுக்கு இளகவில்லை. அதன்மேல் நுரை ஷீட், அதற்கும் மேல் கம்பளித்துணி. தரையிலும் கதவுக்குள்ளும் அதையே ஒட்டினோம். கதவு இடுக்கில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கச் சொன்னார். தாள் லேசாக வந்தால் அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். வந்த இடத்திலெல்லாம் ரப்பரை மாற்றினோம்.

உறுமல் அடங்கியது. இப்போது ஒரு விசில் மட்டும் மிச்சம். சயானைத் தாண்டினால் ஆரம்பிக்கும். எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவள்தான் ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு இடுக்காக உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். அவள் பக்கத்து நகர்த்துகிற கண்ணாடியின் மேல்மூலையில் கை வைத்ததும் விசில் நின்றது. கையை எடுத்தாள், வந்தது. அங்கே டேப்பை ஒட்டிவிட்டு, "இனி ஒண்ணும் கேக்கல" என்றாள்.

எனக்கு ஏனோ கோபம் வந்தது. சொல்லிவிட்டுப் போக அவ்வளவு அவசரமா அவளுக்கு என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் செம்பூரில் ஏறினாள். முதல் மழை பெய்து முடிந்திருந்தது. சுனாபட்டியைத் தாண்டினோம். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இனி மாட்டுங்காவுக்கு வரமாட்டேன்."

"எந்த மாட்டுங்கா?"

"டாக்டர்கிட்ட. போதும். ஊசியும் போதும், காலை அகட்டிப் படுத்ததும் போதும்."

"அப்ப காட்கோபர் போறியா?"

"காட்கோபர்ல என்ன இருக்கு?" என்று திரும்பிப் பார்த்தாள். "அங்க போனா மத்தியானம் தூங்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன். ஒங்கள விட்டுட்டுப் போவேன்னா நெனச்சிய?"

நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. "எனக்குப் பிள்ளை வேணும்" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் அந்த வண்டியில் இல்லை.

"எனக்கும் வேணும். ஒடம்பு ஏலல."

வண்டியைத் தாராவிப் பக்கம் திருப்பினேன். பிறகு அவள் சொன்னாள்: "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, இவளால ஆகல, அதான் ஓடுதாள்னு சொல்லுவாவ. சாகுற வரைக்கும் சொல்லுவாவ. நீங்க வேண்டாம்னதா சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

"ஆமா."

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். "இனி ஆஸ்பத்திரி கிடையாது. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. எனக்கு வேண்டாம்."

"பிள்ள வேண்டாமா ஒனக்கு?"

"வேண்டாம்."

மாடியில் ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி திரைக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளும் வெளியே வரவில்லை. அம்மா என்னையே பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

இப்போது அம்மா என்னோடு அளந்துதான் பேசுகிறாள். மருமகளிடம் பரவாயில்லை, தலை காய்ந்ததா என்றுகூட ஒருநாள் கேட்டாள். வடாலாவிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது வந்து பிள்ளைப் பேச்சை மெதுவாக ஆரம்பித்தால், அவர்களை அம்மாவே நிறுத்திவிடுகிறாள். "அவள ஒண்ணும் சொல்லாதிய. இந்தப் பயதான் பிள்ள வேண்டாம்னுட்டான். கல்நெஞ்சுக்காரன்" என்கிறாள்.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். கேட்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து, இல்லை, எனக்கு வேண்டும், இன்றைக்கும் வேண்டும் என்று அந்த அறையே அதிரக் கத்த வேண்டும் போல இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பாள். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பேன்.