பதினோரு கோடுகள்

யாராவது பெயரைச் சொன்னால் ராஜ்கமல் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல்களை மடக்குகிறார். "தேவசகாயமா? ஒம்போது. நம்ம டீக்கடை ஞானசேகரனும் ஒம்போது. கம்ப்யூட்டருக்கு அவுங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு." புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி விரல், கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணுமாம்.

சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். மஞ்சக்குப்பத்தில் காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் மாடிக் கடையில் புரோகிராமர். சட்டைப்பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது.

தானே புயலில் முந்திரி சாய்ந்தவர்களின் மனுக்கள் மூவாயிரம், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இங்கே வந்தன. மனுதாரர் பெயரே கோப்பின் பெயர் என்று ஏற்பாடு. சிலர் பெயரோடு 'க/பெ' என்று சாய்கோடு போட்டிருந்தார்கள். அதைக் கண்டால் கம்ப்யூட்டர் சேமிக்க மறுத்தது. ராஜ்கமல் நாலு வரி புரோகிராம் எழுதினார்: ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர எது வந்தாலும் அதன் இடத்தில் ஓர் அடிக்கோடு. தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்துச் சோதித்தார். அருமையாக வேலை செய்தது.

மனுக்களோ தமிழில். பெயர்கள் எல்லாம் வெறும் கோடுகளாயின. ஒரே நீளமுள்ளவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார, கடைசியாக வந்தவர் மட்டும் மிஞ்சினார். மூவாயிரம் மனு, இருபத்தாறு கோப்பு. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று முதலாளி காகிதங்களைப் பண்ருட்டிக்கு எடைக்குப் போட்டிருந்தார். அங்கே அதில் முந்திரிப் பருப்பு மடித்துக் கொடுக்கிறார்கள். நிறுவனம் இருபத்தாறு பேருக்கு உதவி கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

"புயலுக்கே ஒரு ராத்திரி ஆச்சு மச்சான். ஒனக்கு நாலு வரி போதுமா இருந்துச்சு," என்பார் பக்கத்து நாற்காலி எழிலன். ராஜ்கமல் சிரிப்பதில்லை.

மனு கொடுத்த சவரியம்மாள் திங்கட்கிழமைதோறும் மாடியேறுகிறார். அரை ஏக்கரில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. "என் பேரு வந்துச்சா தம்பி?" பதினோரு கோடுள்ள கோப்பைத் திறந்தால் வேறு ஊர் சாமிக்கண்ணுவின் மனு வருகிறது. "வரலம்மா, பாக்குறேன்."

"சொல்லித் தொலைச்சிட வேண்டியதுதானடா," என்கிறார் எழிலன்.

"அடுத்த வாரம் சொல்றேன்."

போன திங்களும் பெயரைக் கேட்டதும் ராஜ்கமல் விரல்களை மடக்கத் தொடங்கினார். அவர் தேடுகிறார் என்றே அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். பத்து விரல்களும் தீர்ந்தன. பதினொன்றாவதற்கு அவர் தடுமாறுவதை வாராவாரம் பார்த்தவர், தன் சுண்டுவிரலை மேசைமேல் நீட்டி வைத்தார்.